தரம் தேடி வந்த வண்டி

நமூங்கா செய்த ஒரே தப்பு, நன்றாகப் பாடம் நடத்தியதுதான். அந்தத் தப்புக்காக அவளை வகுப்பறையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் வருடக்கணக்காகத் தலைநகர் லுசாகாவில் வைத்துவிட்டார்கள். வீடு கொடுத்தார்கள், பெரிய மேசை கொடுத்தார்கள், வெள்ளை வண்டி கொடுத்தார்கள். குழந்தைகளை மட்டும் கண்ணில் காட்டவில்லை.

அதற்கு முன் அவள் சாம்பியாவின் தென்பக்கத்தில், சியாலுமே என்ற ஊரில் நான்காம் வகுப்பு டீச்சர். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம். மழை பிடித்துக்கொண்டால் கூரையின் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்காது. அப்போது அவள் சைகையிலேயே கணக்குச் சொல்லிக்கொடுப்பாள், பிள்ளைகளும் சைகையிலேயே சண்டை போட்டு விடை சொல்லும். மழை நின்ற பிறகும் அந்த வகுப்பில் யாரும் வெளியே ஓட மாட்டார்கள். இதெல்லாம் பெரிய விஷயம் என்று அவளுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

தெரிந்தது ஆசிரியர் தர உயர்வு இயக்ககத்துக்குத்தான். அது அப்போதுதான் புதிதாக முளைத்திருந்தது. ஆசிரியர்களின் தரத்தை உயர்த்துவதற்கு முன்னால், அந்தத் தரம் இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஊர் ஊராக ஆள் அனுப்பித் தேடினார்கள். பல மாவட்டங்களில் அகப்படவில்லை. சியாலுமேயில் அகப்பட்டுவிட்டது. வந்தவர்கள் வகுப்பின் பின்னால் அரை நாள் உட்கார்ந்திருந்தார்கள், கண்கலங்கினார்கள், அவளுக்குச் சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசு கொடுத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் வெள்ளை வண்டி வந்து நின்றது. கணக்குப் பாடம் பாதியில் இருந்தது. நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொடுங்கள், இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். கணக்கை யார் வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம், நாடு காத்திருக்காது என்று வண்டியில் வந்தவர் சொன்னார். அடுத்த வாரமே வேறு ஆசிரியர் வந்துவிடுவார் என்றும் சொன்னார். எந்த மாதத்து அடுத்த வாரம் என்று யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இயக்குநர் டாக்டர் கபாசோ நல்ல மனிதர். குரலை உயர்த்தமாட்டார், யாரையும் நோகப் பேசமாட்டார், எந்த விழாவிலும் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் தட்டை எடுப்பார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. நல்ல ஆசிரியர் ஒருவர் ஒரு வகுப்பில் இருந்தால் அந்த வகுப்புக்கு மட்டும்தான் லாபம், இயக்ககத்தில் இருந்தால் நாட்டுக்கே லாபம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆகவே வருடா வருடம் நல்ல ஆசிரியர் எவரெவர் என்று தேடிப் பிடித்து, வண்டி அனுப்பி, இயக்ககத்துக்குக் கொண்டுவந்தார்கள். எடுத்த இடத்தில் என்ன ஆகும் என்று ஒருவர் ஒருமுறை கேட்டார். அவர் அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை.

இயக்ககத்தின் ஆண்டு விழாவில் கபாசோ பேசியதை நமூங்கா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். சொல்ல வேண்டிய மரியாதைகள் அனைத்தும் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்ளவும் என்று ஆரம்பித்தார். பிறகு அமைச்சர் தொடங்கிப் பந்தல் போட்டவர் வரைக்கும் ஒருவர் விடாமல் மரியாதை சொன்னார். அதன்பின் விஷயத்துக்கு வந்தார்.

“பெரியோர்களே, முன்பெல்லாம் நமது நாட்டில் ஆசிரியர்களின் தரம் கேட்பாரற்று ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தது. மழையிலும் வெயிலிலும் வீணாகிக்கொண்டிருந்தது. இன்று அந்த நிலை இல்லை. நாட்டின் தரம் முழுவதையும் திரட்டி இந்த ஒரே கட்டடத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறோம். இங்கிருந்து அது எங்கேயும் போகாது என்று உங்களுக்கு உறுதி கூறுகிறேன்.”

மழைக் கைதட்டல் நடந்தது. முதலில் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், பிறகு இரண்டு விரல், பிறகு மூன்று, இடி மழையாக முடிக்க வேண்டும். சோர்வு போக்குவதற்காக இயக்ககம் கொண்டுவந்த முறை இது. நமூங்காவும் தட்டினாள். தகரக் கூரை ஞாபகம் வந்தது.

அவளுடைய வேலை பயிற்சி முகாம் நடத்துவது. முகாம் என்றால் விடுதிகளின் மண்டபத்தில் நடக்கும். அங்கே தலைமையாசிரியர்களும் மாவட்ட அதிகாரிகளும் வந்து உட்காருவார்கள். அவள் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், அவர்கள் குழந்தைகளாக நடிக்க வேண்டும். நிஜக் குழந்தைகளை அழைத்து வரலாமே என்று அவள் முதல் வருடத்திலேயே கேட்டாள். குழந்தைகளை விடுதிக்குள் விட அனுமதி இல்லை, அத்தோடு அவர்கள் நேரத்துக்குப் புரிந்துகொள்ளமாட்டார்கள், தேநீர் இடைவேளை தள்ளிப்போகும் என்று பதில் வந்தது.

அப்படித்தான் நமூங்கா தொந்தியும் கழுத்துப்பட்டியும் உள்ள குழந்தைகளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். வேடங்கள் காலையிலேயே பிரித்துக் கொடுக்கப்படும். ஒருவர் நன்றாகப் படிக்கும் மாணவர், ஒருவர் குறும்பு செய்பவர், ஒருவர் சாப்பிடாமல் வந்தவர், ஒருவர் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்த பெண். சாப்பிடாமல் வந்தவர் வேடத்துக்குப் போட்டி அதிகம். அவருக்கு இடைவேளையில் ஒரு பொட்டலம் கூடுதலாகக் கொடுப்பது மாதிரி வகுப்பிலேயே ஒரு அங்கம்.

சிக்கல் மெல்லக் கற்கும் மாணவரிடம்தான். அந்த வேடத்தைப் போட யாரும் தயாராக இல்லை. ஒரு மாவட்ட அதிகாரி, தன் பதவிக்கு அது பொருந்தாது, தனக்குக் கீழே உள்ளவருக்குக் கொடுங்கள் என்றார். கீழே உள்ளவர் தனக்கும் கீழே உள்ளவரைக் காட்டினார். கடைசியில் முகாமிலேயே பதவி குறைந்தவர் யாரோ அவர் தலையில் அது விழும். மாகாண அளவு முகாம்களில் அப்படி ஒருவர் அகப்படுவதே அபூர்வம். அங்கே வகுப்பு முழுக்க நன்றாகப் படிக்கும் மாணவர்கள். அவள் கேள்வியை முடிப்பதற்குள் எல்லோரும் விடை சொல்லிவிடுவார்கள். இதை இயக்ககம் ஆராய்ந்தது. உயர்நிலைக்குப் போகப் போக மெல்லக் கற்கும் மாணவர்கள் மறைந்துவிடுகிறார்கள், பயிற்சிக்குக் கிடைத்த மகத்தான வெற்றி இது என்று அறிக்கை வந்தது.

ஆனால் வெளிநாட்டு விருந்தினர்கள் வரும் சமயத்தில் ஒருவராவது புரியாமல் விழிக்க வேண்டாமா? புரியாதவர் இல்லாவிட்டால் டீச்சர் புரியவைப்பதை எப்படிக் காட்டுவது? இயக்ககம் கூடிப் பேசியது. கடைசிப் பதவியில் உள்ள கிராமத்து ஆசிரியர்களை வரவழைத்து அந்த வேடத்தைக் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கை போனது. வகுப்பு நடக்கும் நாளில் வகுப்பைப் போட்டுவிட்டு அவர்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன் ஹபீன்சு.

மெலிந்த ஆள், இஸ்திரி போட்ட பழைய கோட்டு, முப்பது வயது இருக்கலாம். எந்தப் பள்ளி என்று நமூங்கா பார்க்கவில்லை. விருந்தினர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பலகையில் 402 எழுதி, அதிலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னாள். குறும்பு செய்பவர் குறும்பு செய்தார், சாப்பிடாதவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மற்ற மெல்லக் கற்கும் மாணவர்கள் தலையைச் சொறிந்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், ஒருவர் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதினார். ஹபீன்சு அப்படி எதுவும் செய்யவில்லை. தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். அவள் பக்கத்தில் வந்ததும், புரிந்தது புரிந்தது என்று வேகமாகத் தலையாட்டினான்.

நமூங்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் அந்தத் தலையாட்டலைப் பார்க்கவில்லை. அது நடிப்பு இல்லை. நிஜமாகவே தெரியாத பிள்ளைதான் அப்படி ஆட்டும்.

தேநீருக்கு எல்லோரும் எழுந்து போன பிறகு அவனைத் தனியாகப் பிடித்தாள். உனக்கு நிஜமாகவே இது வராதா என்று கேட்டாள். அவன் சொன்னான்.

“என்னைத் தெரியலையா டீச்சர்? நான் சியாலுமே. ரெண்டாவது பெஞ்சு, சன்னல் பக்கம்.”

அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அந்தக் காதுகளைப் பார்த்தாள், தெரிந்தது.

“பக்கத்து வீட்டுல போயி கடன் வாங்கணும்னு சொல்லிக் குடுத்தீங்க. அதெல்லாம் நல்லா வரும் எனக்கு. அன்னிக்கு நான்தான் கேட்டேன், பக்கத்து வீட்டுல சைபர் இருந்தா என்ன பண்றதுன்னு. நல்ல கேள்விடா, நாளைக்குச் சொல்றேன்னீங்க.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “அப்புறம் வண்டி வந்துடுச்சு.”

அதற்குப் பிறகு நீண்ட நாள் யாரும் வரவில்லை. வந்தவரும் நான்காம் வகுப்பு முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பை ஆரம்பித்துவிட்டார். ஹபீன்சு மற்றதையெல்லாம் மனப்பாடம் செய்து தேறி, பயிற்சிக் கல்லூரி போய், சொந்த ஊரிலேயே அதே நான்காம் வகுப்புக்கு ஆசிரியராக வந்து சேர்ந்திருந்தான்.

அவள் கேட்கக் கூடாததைக் கேட்டாள், உன் வகுப்பில் என்ன செய்கிறாய் என்று.

“நடுவுல சைபர் வர்ற கணக்கே போடறதில்ல டீச்சர். யாராச்சும் புள்ள கேட்டா, அது அடுத்த வருஷம் வரும்னு சொல்லிடுவேன். நான் மட்டுமில்ல, எங்க ஊர்ல எங்க வயசுல இருக்கற யாருக்குமே அது வராது.”

நமூங்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பாவி, ஒரே ஒரு நாள்தானே கேட்டேன் என்று யாரையோ திட்டினாள். பிறகு மேசையில் இருந்த சாசர்களை இழுத்தாள். நான்கு சாசரை நூறு என்று வைத்தாள், இரண்டு பல்குச்சியை ஒன்று என்று வைத்தாள், நடுவில் வெறும் இடம். பக்கத்து வீட்டில் யாரும் இல்லை, ஆகவே அதற்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு சாசரைக் கொடுத்து, மூடிக்குப் பத்து என்று பத்து பாட்டில் மூடி வாங்க வேண்டும். ஒன்பது மூடியை வெறும் வீட்டில் இறக்கிவிட்டு, மிச்சம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து பத்துப் பல்குச்சிகளாக மாற்ற வேண்டும். இரண்டு தடவை செய்தாள். மூன்றாம் தடவை அவனே செய்தான். மூடிகளை அந்த வெறும் இடத்தில் இறக்கும்போது நிறுத்தினான், அவளைப் பார்த்தான், வாய்விட்டுச் சிரித்தான்.

“இவ்வளவுதானா டீச்சர்?”

“இவ்வளவுதான்டா.”

அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். திங்கட்கிழமை முதல் மணிக்கே இதைத்தான் எடுக்கப் போகிறேன் என்றான். இயக்ககத்தில் அவள் வேலை செய்த இத்தனை வருடத்தில் ஓர் ஆசிரியரின் தரம் உயர்ந்தது அந்தத் தேநீர் இடைவேளையில்தான். அதை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் வரிசையில் சமோசா வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளைக்கு முன் நடந்ததை மட்டும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். மாலையில் மேடையில் வெளிநாட்டு விருந்தினர் ஒருவர், உலகத்தில் பல நாடுகளில் மாதிரி வகுப்பு பார்த்திருக்கிறேன், இப்படித் தத்ரூபமாகப் புரியாமல் இருந்தவரைப் பார்த்ததில்லை என்று நெகிழ்ந்து சொன்னார். கபாசோ எழுந்தார்.

“நண்பர்களே, புரியாமல் இருப்பது எளிதல்ல. நமது மூத்த அதிகாரிகள் பலர் முயன்று தோற்றிருக்கிறார்கள். இந்த இளைஞர் ஒரு சாதாரண வகுப்பறையில் வீணாகிக்கொண்டிருக்கிறார். இவரை நாடு முழுவதற்கும் உரிய மெல்லக் கற்கும் மாணவராக இயக்ககம் ஏற்றுக்கொள்ளப் போகிறது என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்.”

இடி மழை கொட்டியது. ஹபீன்சு எழுந்து நின்று எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று புரியாமல் பார்த்தான். அதற்கும் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் அவன் நமூங்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். என்னை எடுத்துக்கொள்ள விடாதீர்கள் டீச்சர், புள்ளைங்க காத்திருக்குதுங்க, இப்போதானே எனக்கே தெரிந்தது என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஊருக்குப் போ என்று அவள் வாக்குக் கொடுத்தாள். வேலை ஆணை அச்சாகி வர எப்படியும் சில வாரம் ஆகும், அதற்குள் தடுத்துவிடலாம் என்று நிஜமாகவே நம்பினாள்.

ஊருக்குப் போனவன் பேய் பிடித்தது போலப் பாடம் நடத்தினான். அவ்வப்போது தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வான். பிள்ளைகள் சாசருக்குப் பதில் மக்காச்சோளக் கதிர், மூடிக்குப் பதில் மணி என்று வைத்துக்கொண்டார்களாம். மலூபா என்று ஒரு பெண், நடுவில் ஒரு சைபரை முடித்துவிட்டு, ரெண்டு சைபர் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டாளாம். அதற்கு அவனே யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறான், வருகிற வாரம் எடுக்கப் போகிறானாம். அவன் குரல் அத்தனை சந்தோஷமாக இருந்தது. அவன் வைத்த பிறகும் நமூங்கா போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பாள்.

கபாசோவின் அறைக்கு அவள் போனபோது அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நடந்ததை முழுதாகச் சொன்னாள். அது நடிப்பு இல்லை, அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, காரணம் நாம்தான் என்றாள். கபாசோ பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப இன்னும் நல்லதாப் போச்சு மேடம். நடிப்பா இருந்தா ஒரு நாளைக்கு மாறிப்போயிடும்.”

“இப்ப தெரியும் சார் அவனுக்கு. நான் சொல்லிக் குடுத்துட்டேன்.”

கபாசோவின் முகம் சுருங்கியது. “அத ஏன் பண்ணீங்க?” என்று வருத்தமாகக் கேட்டார். பிறகு, பரவாயில்லை, பழக்கத்தில் திரும்ப வந்துவிடும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அவனை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். முடியாது என்றால் அவனுக்குப் பதில் என்னைச் சியாலுமேக்கு அனுப்புங்கள், சம்பளத்தைக் குறைத்தாலும் சரி என்றாள்.

“உங்க உரிமம் காலாவதி ஆயிடுச்சே மேடம். மூணு வருஷம் கிளாஸ் எடுக்காதவங்களுக்கு ஆசிரியர் உரிமம் போயிடும். நீங்க எழுதின விதிதானே?”

அவள் எழுதியதுதான். மேசையிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் அவ்வப்போதாவது பள்ளிக்கூடம் போகட்டுமே என்ற ஆசையில் எழுதியது. அதை ஒரு வார்த்தை மாற்றாமல் ஏற்றுக்கொண்டவர்கள், போகச் சொல்லும் பகுதியை மட்டும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். உரிமத்தைப் புதுப்பிக்கப் பயிற்சி முகாமில் சேர வேண்டும். அந்த முகாமை நடத்துபவள் அவள் ஒருத்திதான், நடத்துபவர் சேரக் கூடாது. உரிமம் இல்லாத ஒருவர் பாடம் நடத்தினால் அந்த வகுப்பையே மூடி, பிள்ளைகளை ஆற்றுக்கு அக்கரைப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். இதுவும் தரத்துக்காகத்தான்.

“வேணும்னா கண்காணிப்புக்குப் போயிட்டு வாங்க. பின்னாடி உக்காந்து பாக்கலாம், தப்பில்ல,” என்றார் கபாசோ அன்பாக.

கண்காணிப்புக்குப் போவதற்கான அனுமதி வந்தபோது, ஹபீன்சுவின் வேலை ஆணையும் வந்திருந்தது. அவனை ஏற்றிக்கொண்டு வந்த வெள்ளை வண்டி லுசாகாவுக்குள் நுழைந்த மறுநாள் அதே வண்டியில் நமூங்கா சியாலுமேக்குக் கிளம்பினாள். கூடவே கண்காணிப்பு அலுவலர் சிலுங்வே வந்தார். விதிகளில் மிகவும் சுத்தமான மனிதர், வழியில் வாழைப்பழம் வாங்கித் தந்துகொண்டே வந்தார். அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. கொடுத்த வாக்கை நினைத்து நினைத்து அழுகை வந்தது, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் ஒருவரே மூன்று வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலுங்வே அவரை அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். நமூங்கா நான்காம் வகுப்புக்குப் போய், பின்னால் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்தன. பலகையில் 5003, அதற்குக் கீழே 1678 என்று எழுதிக் கோடு போட்டிருந்தது. அவன் எழுத்து. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அவள் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்தாள்.

முன்பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள்தான் மலூபா என்று பார்த்ததுமே தெரிந்தது.

“நீங்க அந்த வண்டிலயா டீச்சர் வந்தீங்க?”

“ஆமாம்மா.”

“எங்க சாரு மொதல்ல சுமாராத்தான் சொல்லிக் குடுத்தாரு. அப்பல்லாம் ஒன்னும் ஆகல. அப்புறம் ரொம்ப நல்லா சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாரு, உடனே வண்டி வந்து கூட்டிட்டுப் போயிடுச்சு.” மலூபா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “நீங்க நல்லா சொல்லிக் குடுத்தாலும் வெளிய தெரியாம குடுங்க டீச்சர். அவங்க வந்து பாத்தா, நாங்க புரியாத மாதிரி இருந்துக்கறோம். அப்ப உங்கள விட்டுட்டுப் போயிடுவாங்க.”

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. ஏற்கெனவே பேசி வைத்திருப்பார்கள் போல. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல நமூங்கா வாயெடுத்தாள், என்ன இல்லை என்று சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

மெதுவான குரலில் ஆரம்பித்தாள். பிள்ளைகள் கதிர்களையும் மணிகளையும் எடுத்து வைத்தன. பக்கத்து வீடு காலி, அதற்கடுத்த வீடும் காலி. அப்படியானால் தெருக்கோடி வீட்டுக்கு நடந்து போக வேண்டும், திரும்பி வரும்போது ஒவ்வொரு காலி வீட்டிலும் ஒன்பது ஒன்பது இறக்கிவிட்டு வர வேண்டும். பெஞ்சுக்குக் கீழே தலைகள் சேர்ந்தன. ஒருவன் தப்பாக இறக்கினான், மலூபா அவன் கையில் அடித்து எடுத்து வைத்தாள். சத்தம் வராமல் ஒரு வகுப்பு அப்படிச் சண்டை போட்டு அவள் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. 3325 என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு விரல் காற்றில் எழுதிக் காட்டியது. அப்புறம் இன்னொரு விரல், அப்புறம் நிறைய விரல்கள். நமூங்கா சிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்து அத்தனையும் சிரித்தன.

சிலுங்வே வாசலில் வந்து நின்றார். அவள் கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“மேடம், என்ன காரியம் பண்றீங்க? பாடம் நடத்தினீங்களா? நான் எழுதியாகணுமே. இந்தக் கிளாஸ மூடிடுவாங்களே.”

அவர் பதிலுக்குக் காத்திராமல் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார், இந்தக் கணக்குக்கு விடை என்ன, யார் சொல்வீர்கள் என்று கேட்டார்.

ஒரு விரல் எழவில்லை. கதிரும் மணியும் எப்போதோ மறைந்திருந்தன. கடைசி பெஞ்சுக்காரன் வாயைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்தான். ஒருத்தி கண்ணைக் கசக்கினாள். மலூபாவைத்தான் அவர் எழுப்பினார். அவள் பலகையைப் பார்த்தாள், விரலை எண்ணினாள், திரும்ப எண்ணினாள், பத்து என்றாள்.

சிலுங்வே பெருமூச்சு விட்டார். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

“அப்பாடா. யாருக்கும் ஒன்னும் புரியல. அப்ப இது பாடமே இல்ல மேடம், எழுத வேண்டியதில்ல. கிளாஸ் தப்பிச்சுது. வாங்க, போகலாம்.”

நமூங்கா அங்கேயே நின்றாள். நின்றால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். போகக் கால் வரவில்லை. அவர் இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகு சாக்பீஸைப் பலகைக்குக் கீழே வைத்தாள். அடுத்த வாரம் வேறு ஆசிரியர் வந்துவிடுவார் என்று சிலுங்வே வகுப்பைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார்.

அவள் வெளியே நடந்தாள். பின்னால் பிள்ளைகள் எல்லாம் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டன. சிலுங்வே வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஏறப் போனவளின் பாவாடையை மலூபா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“நாங்க சரியா நடிக்கலையா டீச்சர்?”